குண்டைச் சுற்றிய ஒரு துண்டு பேப்பர்... மங்கள் பாண்டே கதையில் நாம கவனிக்காத விஷயம்!

குருபரப்பள்ளி, ஓசூர் பக்கம் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவரா நீங்க? அப்படின்னா 'கிளியரன்ஸ்' என்ற வார்த்தையைத் தினமும் கேட்டிருப்பீங்க. ஓட்டைக்கும் அதுக்குள்ள போற ராடுக்கும் நடுவுல விடுற மயிரிழை இடைவெளிதான் அது. அப்படி ஒரு இடைவெளியை அடைக்க வைத்த பேப்பர்தான், 1857-ல் கிழக்கிந்தியக் கம்பெனியையே ஆட்டிப் பார்த்தது. அந்தக் கதையின் நடுவில் நிற்பவர், ஸ்கூல் புக்கில் நாம ஒரே வரியில் படித்துக் கடந்த மங்கள் பாண்டே.

யார் இவர்?

1827-ல், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பலியா பக்கம், நக்வா கிராமத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 22 வயதில், 1849-ல் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார். 34-வது காலாட்படையில் சாதாரண சிப்பாய். கல்கத்தாவை ஒட்டிய பராக்பூரில்தான் வேலை. ஏழு வருஷத்துக்கு மேல் எந்தப் பரபரப்பும் இல்லாத பட்டாள வாழ்க்கை. அப்புறம்தான் அந்தத் துப்பாக்கி வந்தது.

பேப்பருக்கு என்ன வேலை?

அதுவரை சிப்பாய்கள் வைத்திருந்த 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். குண்டு நேராகப் போகும் என்று நம்ப முடியாது. புதிதாக வந்த என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் 0.577 அங்குலம், அதாவது சுமார் 14.7 மி.மீ. நட்டுக்குள் இருக்கும் மரை மாதிரி, குழலுக்குள் மூன்று முறுக்கு வரிகள். குண்டு சுழன்றுகொண்டே போவதால், தூரத்தில் இருக்கும் குறியையும் அடிக்கலாம்.

ஆனா ஒரு சிக்கல். ஈயக் குண்டை வாய்ப்பக்கமாகப் போட்டு, கம்பியால் குத்தி அடிவரை இறக்கணும். குண்டு டைட்டாக இருந்தால் இறங்காது. லூஸாக இருந்தால் சுழலாது. அதனால் குண்டைக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, மேலே பேப்பர் சுற்றினார்கள். சுடும்போது மருந்து வெடிக்கிற வேகத்தில் ஈயம் விரியும். பேப்பரோடு சேர்ந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும். குழலில் ஈயம் ஒட்டாமலும் பேப்பர் பார்த்துக்கொள்ளும். சுலபமாக இறங்க, அந்தப் பேப்பர் மேல் கொழுப்பும் தேன்மெழுகும் தடவினார்கள். மருந்தும் அதே பேப்பர் சுருளுக்குள்தான் இருக்கும். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது டிரில் விதி.

எந்த மிருகத்தின் கொழுப்பு? அங்கேதான் வெடித்தது. பசுக் கொழுப்பு என்றால் இந்துவுக்கு ஆகாது. பன்றிக் கொழுப்பு என்றால் முஸ்லிமுக்கு ஆகாது. அந்தக் காலத்தில் சாதியை இழந்தால் ஊரில் சோறு, தண்ணி, கல்யாணம் எதுவும் கிடையாது. ஒரு கடியில் மொத்த வாழ்க்கையும் போய்விடும் என்ற பயம் அது.

1857 ஜனவரியிலேயே டம்டம் முகாமில் பேச்சு கிளம்பிவிட்டது. சிப்பாய்கள் தாங்களே எண்ணெயோ மெழுகோ தடவிக்கொள்ளலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. லேட்! கொழுப்பு தடவிய தோட்டா பெரும்பாலான படைப்பிரிவுகளுக்கு வந்தே சேராத நேரம் அது. ஆனா சந்தேகம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது. பளபளப்பான பேப்பரைப் பார்த்தே, அதிலும் கொழுப்பு இருக்கு என்று பயந்தார்கள். பிப்ரவரி 26-ல் பெர்ஹாம்பூரில் 19-வது படைப்பிரிவு தோட்டாவை வாங்க மறுத்தது.

அந்தப் 10 நாள்

மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. பராக்பூர் மைதானத்தில் துப்பாக்கியோடு வந்து நின்ற மங்கள் பாண்டே, மற்ற சிப்பாய்களையும் எழுந்து வரச் சொன்னார். குதிரையில் வந்த லெப்டினென்ட் பாகை நோக்கிச் சுட்டார். அடிபட்டது குதிரைக்கு. அப்புறம் வாள் சண்டை. சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானோர் பாண்டேவைப் பிடிக்கவும் இல்லை, கூடச் சேரவும் இல்லை. பிடித்தது ஷேக் பல்ட்டு என்ற சிப்பாய் மட்டும்தான். கடைசியில் ஜெனரல் ஹியர்சி வந்ததும், துப்பாக்கியைத் தன் நெஞ்சில் வைத்து, கால் விரலால் விசையை இழுத்தார் பாண்டே. காயத்தோடு பிழைத்தார்.

ஏப்ரல் 6-ல் விசாரணை. கூட இருந்தவர்கள் பெயர் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. ஏப்ரல் 8-ல் தூக்கு. அவரைப் பிடிக்க உத்தரவிடாத ஜமேதார் ஈஸ்வரி பிரசாத்தும் ஏப்ரல் 21-ல் தூக்கிலிடப்பட்டார். மே 10-ல் மீரட் எழுந்தது. அடுத்த வருஷம் கம்பெனி ஆட்சியே முடிந்தது.

இது கம்பெனிக்குத் தெரியாத பாடமா? இல்லைங்க. 51 வருஷம் முன்னாடி, 1806 ஜூலை 10-ல் நம்ம வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் இதே மாதிரிதான். புதுத் தொப்பியில் தோல் பட்டை, நெற்றியில் குறி வைக்கத் தடை. போட்டுக்கொள்ளப் போகிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறியே அந்தக் கோட்டையைப் போய்ப் பார்த்துவிடலாம்.

1857-க்குப் பிறகும் பேப்பர் போகவில்லை. பின்னாடி வந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குண்டிலும் பேப்பர் சுற்றியிருந்தது. ஆனா அதை உலோக உறைக்குள் வைத்துவிட்டார்கள். கடிக்கும் வேலையே யாருக்கும் இல்லாமல் போனது.