ருஷ்ய மந்திரி ஸ்டோலிப்பின்

பீட்டர் ஸ்டோலிப்பின் என்பவர் 1862ஆம் ஆண்டில், சாக்ஸனி நாட்டு டிரெஸ்டன் நகரில், பழைய ருஷ்யப் பிரபு குலமொன்றில் உதித்தவர். லித்துவேனியப் பகுதியிலிருந்த தமது பண்ணையிற் பல்லாண்டு வசித்து, உழவரின் நன்மை தீமைகளை நேரிற் கண்டறிந்தார். 1903இல் சாரட்டோவ் மாகாணத்துக் கவர்னராயினார். 1905இல் ஆங்குக் கலகம் மூண்டபோது, கூட்டத்தினிடையே அஞ்சாது சென்று நின்றவர் என்று பெயர் பெற்றார். மறுவருஷமே ஜார் நிக்கலஸ் சக்கரவர்த்தி இவரை உள்நாட்டு மந்திரியாகவும், பின்னர்ப் பிரதம மந்திரியாகவும் நியமித்தனர்.

1906 ஆகஸ்டு மாதத்தில் புரட்சிக்காரர் சிலர் இவரது மாளிகையில் வெடிகுண்டு எறிந்தனர். இருபதின்மருக்கு மேல் மாண்டனர். மகளொருத்தியும் மூன்று வயது மகனும் படுகாயமுற்றனர். இவர் பிழைத்தார். ஒரு வாரங் கழிந்ததும் களத்து இராணுவ நீதிமன்றங்கள் தோன்றின. நியாயாதிபதிகள் சேனை அதிகாரிகளே, வக்கீல் கிடையாது, கதவு அடைத்தே விசாரணை. இரண்டு நாளில் வழக்கு முடியவேண்டும். அடுத்த ஒரு நாளைக்குள் தண்டனை நிறைவேறவேண்டும். எட்டு மாதகாலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தூக்குக் கயிற்றுக்கு ஸ்டோலிப்பினின் கழுத்துப்பட்டை என்று ரோடிச்செவ் என்னும் அங்கத்தினர் 1907இல் டூமா சபையிலேயே பெயரிட்டார். மந்திரி அவரைத் துவந்த யுத்தத்திற்கு அழைக்க, அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இவரே அவ்வாண்டு நவம்பரில், அதாவது தூக்குமரங்கள் நின்றுகொண்டிருந்த 1906 நவம்பரிலேயே, குடியானவர்க்குப் பெரியதோர் உரிமையை அளித்தார். ருஷ்யக் கிராமங்கள் பலவற்றில் நிலம் ஊர்ச்சமுதாயத்திற்குரியது. அவ்வப்போது அதனைப் பிரித்துப் பிரித்துப் பங்கிடுவர். நாளை பிறன் கைக்குச் செல்லும் வயலுக்கு இன்று எவன் எருவிடுவான்? விரும்பியவன் தன் பங்கைத் தனிச்சொத்தாக்கிக்கொள்ளலாமென்று இவர் விதித்தார். சைபீரியாவிற் குடியேறுவோர்க்கு உதவியுஞ் செய்தார். இலக்கக்கணக்கான குடும்பங்கள் இவற்றாற் பயன்பெற்றன. நிலத்திற்குச் சட்டத்தின் காவலை வேண்டியவர், உயிருக்கு அக்காவலை மறுத்தாரே என்பதுதான் எம் மனத்தை உறுத்துகின்றது. கலகக்காரரும் நூற்றுக்கணக்கான அதிகாரிகளைக் கொன்றனர் என்பது மெய்யே. அதனால் வக்கீலில்லாத விசாரணை நியாயமாகிவிடாது. தமக்கிணங்காத இரண்டாம் டூமாவை 1907 ஜூன் மாதத்திற் கலைத்து, தேர்தல் விதியையும் தாமாகவே மாற்றினார்.

1911 செப்டம்பரில், கீவ் நகர நாடகசாலையில், சக்கரவர்த்தியும் அமர்ந்திருக்கையில், போக்ரோவ் என்னும் வாலிபன் இவரைச் சுட்டான். அவன் புரட்சிக்காரரோடு பழகினவன்; இரகசியப் போலீசாருக்கு உளவனாகவும் இருந்தவன். கொலைஞரைக் காட்டித்தருவதாக அவன் சொன்ன கதையை நம்பி, உள்ளே நுழையச் சீட்டுக் கொடுத்தவர்களே அப்போலீசார்தாம். நான்காம் நாள் ஸ்டோலிப்பின் உயிர்நீத்தார், போக்ரோவ் தூக்கிலிடப்பட்டான். கவனக்குறைவுக்காகப் போலீஸ் அதிகாரிகள்மீது எழுந்த வழக்கைச் சக்கரவர்த்தியே நிறுத்திவிட்டார்.

சைபீரியாவுக்குக் குடியானவரையும் அவர்தம் கால்நடைகளையும் ஏற்றிச்சென்ற ரயில் வண்டிகட்கு இவர் பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில், ஜார் ஆட்சி மறைந்து சோவியத் ஆட்சி வந்தபின்னும், கைதிகளை அடைத்துச்சென்ற வண்டிகளுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.