ராஜிநாமாவைத் திரும்பப் பெற்ற தளபதி

புது தில்லி: பாதுகாப்பு அமைச்சருடனான மோதலால் ராணுவத் தலைமைத் தளபதி ஒருவர் ராஜிநாமா கடிதம் அளித்து, பிரதமரின் வேண்டுகோளை ஏற்று அன்றே திரும்பப் பெற்ற நிகழ்வு 1959-ம் ஆண்டு தலைநகரில் நடந்தது. அந்தத் தளபதி ஜெனரல் கே.எஸ். திம்மய்யா.

குடகின் மடிகேரியில் 1906-ல் பிறந்த திம்மய்யா, பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று 1926-ல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். 1948 நவம்பரில், 11 ஆயிரம் அடிக்கு மேல் உள்ள சோஜிலா கணவாய்க்கு டாங்குகளைக் கொண்டு சென்று, அதை மீட்டது அவரது டிவிஷன். கொரியப் போர்க் கைதிகளுக்கான நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கும் தலைமை வகித்த அவர், 1957 மே மாதம் தலைமைத் தளபதியானார்.

அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். மூத்த அதிகாரிகளின் பதவி உயர்வில் அமைச்சர் தலையிடுவதாக ராணுவ வட்டாரத்தில் அதிருப்தி நிலவியது. திம்மய்யா பிரதமர் நேருவை நேரடியாகச் சந்தித்து முறையிட்டதும், மேனனுடனான பிளவு முற்றியது. ஆகஸ்ட் 31-ம் தேதி அவர் ராஜிநாமா கடிதம் அளித்தார். எல்லையில் லாங்ஜூவில் சீனப் படையினருடன் மோதல் நிகழ்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது.

நேரு வற்புறுத்தியதை அடுத்துக் கடிதத்தை அவர் திரும்பப் பெற்றார். ஆனால், செய்தி வெளியாகி நாடாளுமன்றத்தில் பரபரப்பு எழுந்தது. செப்டம்பர் 2-ம் தேதி அவையில் விளக்கமளித்த நேரு, சிவில் அரசின் அதிகாரமே மேலானது என்பதை வலியுறுத்தினார். கருத்து வேறுபாடுகள் அற்பமானவை என்றும், தளபதியின் செயல் பாராட்டத்தக்கதல்ல என்றும் தெரிவித்தார். அமைச்சரும் தளபதியும் பதவியில் நீடித்தனர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத் தளபதி ராஜிநாமா மூலம் நெருக்கடி தரலாமா என்பது ஒரு கேள்வி. படை பலவீனமடைவதாகக் கருதும் தளபதி, கடிதத்தைத் திரும்பப் பெற்று மெளனமாகலாமா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கு நேரு அவையில் பதிலளித்தார். இரண்டாவது, திம்மய்யாவின் எஞ்சிய 20 மாதப் பதவிக் காலம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

1961 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு சீனாவுடனான போரில் ஏற்பட்ட தோல்வியை அடுத்து மேனன் பதவி விலகினார்.

1964-ல் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்ற திம்மய்யா, 1965 டிசம்பர் 18-ம் தேதி அங்கேயே, பணியில் இருந்தபோது மாரடைப்பால் காலமானார். மறு ஆண்டு சைப்ரஸ் அரசு அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.