அமரர் சைகால்

கலைஞர் ஒருவர் மறையுங்கால் இரசிகர் கண்ணீர் பெருக்குவது இயல்பு. அக்கண்ணீர் எதனைப் போற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்க, குந்தன் லால் சைகாலின் வாழ்வு நமக்குத் துணை செய்கிறது.

1904-ஆம் ஆண்டு ஜம்முவில் பிறந்த சைகால், ஆசானை அடுத்திருந்து முறையாக இசை பயின்றவரல்லர். ரயில்வேயில் பணியாற்றினார்; பின்னர் தட்டச்சுப் பொறிகளை விற்றார். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனமே அவரை உலகறியச் செய்தது. 1935-இல் வெளிவந்த 'தேவதாஸ்' இந்திப் படத்தில், காதலில் தோற்றுக் குடித்தே மாளும் நாயகனாக அவர் தோன்றினார். பஞ்சாபியரான அவர் வங்கமொழியில் கவி தாகூரின் பாடல்களைப் பாடினார். தமிழ்த் 'தேவதாஸ்' படத்திற்கும் பாடினார். பிறமொழி நிலத்தில் வாழும் நம்மனோர் அவரிடம் அன்பு கொள்ள இதுவும் ஒரு காரணம்.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய் சென்றார். 'தான்சேன்', 'ஷாஜஹான்' ஆகிய படங்கள் அவர் புகழை மேலும் உயர்த்தின. ஆனால் மதுப்பழக்கமோ அவர் உடலைச் சிதைத்து வந்தது. 1947-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் ஜலந்தரில் தமது 42-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அப்போதுதான் வானொலிப் பெட்டி வாங்கியிருந்த இளம் லதா மங்கேஷ்கர், அதில் இம்மறைவுச் செய்தியைக் கேட்டு, பெட்டியையே கடையில் திருப்பித் தந்துவிட்டாராம். பின்னாளில் அவரே இதனை நினைவுகூர்ந்ததுண்டு. சைகால் நடித்த 'பர்வானா' அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. மறைந்தவர் திரையில் பாடக் கண்ட மக்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

தேவதாஸையும் சைகாலையும் ஒருவராகவே கருதி, அவர்தம் குடியையும் மேதைமையின் அடையாளமாகப் பேசினோர் பலர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. குடி அவருக்குக் குரலைத் தரவில்லை. அக்குரலை நம்மிடமிருந்து பறித்தது.

உண்மையான அஞ்சலி செய்தது இலங்கை வானொலி. நாள்தோறும் காலையில் அது ஒலிபரப்பிய பழைய இந்திப் படப்பாடல் நிகழ்ச்சி, எட்டு மணிக்குச் சற்றுமுன் சைகாலின் பாடல் ஒன்றோடு நிறைவுறும். பல்லாண்டுகள் நீடித்த இவ்வழக்கத்தால், அவர் மறைந்தபின் பிறந்தோரும் அவர் குரலை அறிந்தனர். மாலைகள் வாடும், இரங்கற் கூட்டங்கள் கலையும். செவி கொடுத்துக் கேட்பதே கலைஞருக்கு நாம் செலுத்தும் நிலையான கடன்.

வாழ்க சைகாலின் புகழ்!