முகவரும் முதலாளியும்

திரையில் ஒளிரும் நட்சத்திரங்களை உலகம் அறியும். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, ஊதியம் பேசி, அதில் ஒரு பங்கைப் பெறும் முகவர்களை அறிந்தோர் சிலரே. அத்தகைய முகவர்களுள் முதன்மையானவராக விளங்கியவர் ஜூல்ஸ் ஸ்டைன். பிறருக்காகப் பேசும் பொறுப்பை ஏற்ற அனைவருக்கும் அவரது வாழ்க்கை ஒரு பாடம் என நாம் கருதுகின்றோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1896 இல் பிறந்த ஸ்டைன், கண் மருத்துவர். இசைக்குழுக்களில் வாசித்துப் பணம் சேர்த்துக் கற்ற அவர், ஏனைய குழுக்களுக்கும் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்து கொடுத்தார். மருத்துவத்தை விட இத்தொழிலே பெருகியதால், 1924 இல் சிக்காகோவில் எம்.சி.ஏ. நிறுவனத்தை ஆரம்பித்தார். மாதக்கணக்கில் ஒரே மண்டபத்தில் வாசித்த குழுக்களை ஊர் ஊராகச் சுற்றி வாசிக்க வைத்தமை அவரது வெற்றிக்கு வழிவகுத்தது. 1936 இல் நிறுவனத்தில் இணைந்த லூ வாசர்மன் 1946 இல் அதன் தலைவரானார். ஹொலிவூட்டின் முன்னணி நடிகர்கள் பலர் இந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாயினர்.

சிக்கல் அங்கேதான் தோன்றியது. முகவர் நிறுவனமே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் தயாரிக்கத் தொடங்கியது. நடிகனுக்குக் கூடிய ஊதியம் கேட்க வேண்டியவரும், குறைந்த ஊதியம் கொடுக்க விரும்புபவரும் ஒருவரேயானால் நீதி எங்கனம் கிடைக்கும்? இதைத் தடுக்க நடிகர் சங்கத்தில் விதி இருந்தது. ஆயினும் 1952 இல் அச்சங்கம் எம்.சி.ஏ.க்கு விரிவான விதிவிலக்கை வழங்கியது. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். அவரும் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

1962 இல் யுனிவர்சல் திரைப்பட நிறுவனத்தின் தாய் நிறுவனமான டெக்காவை எம்.சி.ஏ. வாங்கியபோது, அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டது. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலையில், ஸ்டைன் தம்மை வளர்த்த முகவர் தொழிலையே கைவிட்டார். தயாரிப்பில் கிடைத்த இலாபம் அத்தகையது.

பார்வையிழப்பைத் தடுக்கும் ஆய்வுகளுக்குப் பெருநிதி வழங்கிய அவரது பெயரில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1966 இல் கண் மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 1981 இல் அவர் மறைந்தார்.

அந்தச் சிக்கல் அவருடன் மறையவில்லை. 2019 இல் அமெரிக்க எழுத்தாளர்கள் ஆயிரக்கணக்கில் தம் முகவர்களை விலக்கியதும் இதே காரணத்திற்காகவே. பிறருக்காகப் பேரம் பேசுபவர் பேரத்தின் மறுபக்கத்திலும் அமர்தல் ஆகாது. இக்கோட்பாடு கலையுலகிற்கு மட்டும் உரியதல்ல என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.