சேற்றில் விளைந்த செல்வம்

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் லேத்து ஓடும்போது, கடையப்படும் இரும்பின் மீது பால் போன்ற திரவம் ஒன்று வழிந்துகொண்டிருக்கும். தொழிலாளர் அதனைக் கூலண்ட் என்பர். அது எண்ணெயை நீரில் கலந்த பால்மம். ஒட்டாத இவ்விரண்டையும் பிரியாமல் நிறுத்துபவை சோப்புப் போன்ற பரப்புச் செயல் மூலக்கூறுகளே. இத்துறையில் உழைத்து நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

இன்று பாகிஸ்தானிலுள்ள பேரா என்னும் ஊரில் 1894 பிப்ரவரி 21ஆம் நாள் அவர் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பொறியாளரான தாய்வழிப் பாட்டனார் அவரை வளர்த்தார். லாகூரில் பட்டம் பெற்றபின், 1919இல் உபகாரச் சம்பளத்துடன் அமெரிக்கா செல்லப் புறப்பட்டார். முதல் உலகப் போர் முடிந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களால் கப்பல்கள் நிறைந்திருந்தன. இலண்டனுக்கு அப்பால் செல்ல இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் அந்நகரிலேயே பேராசிரியர் டோனனிடம் மாணவரானார். கொழுப்பு அமில உப்புகள் எண்ணெயின் பரப்பு இழுவிசையை எவ்வாறு மாற்றுகின்றன என ஆராய்ந்து, 1921இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிக் காசி இந்து சர்வகலாசாலையிலும், 1924 முதல் லாகூரிலும் பேராசிரியராகப் பணிபுரிந்தார்.

லாகூரில் இருந்தபோதுதான் அட்டாக் ஆயில் கம்பெனியின் சிக்கல் அவரிடம் வந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் களிமண் குழம்பைச் செலுத்துவர். அது துளைக்கருவியைக் குளிர்வித்து, உடைந்த பாறைத் துகள்களை மேலே கொண்டுவரும். ஆனால் நிலத்தடி உப்புநீர் பட்டதும் அக்குழம்பு இறுகிவிட்டது. துளையிடும் வேலை நின்றது.

காரணம் நாம் பாடத்தில் படிப்பதே. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் பிரிந்து மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்த விலக்கு விசையைத் தளர்த்திவிட, துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. பட்நாகர் நம் நாட்டு மரப்பிசின் ஒன்றைக் குழம்பில் சேர்த்தார். பிசின் துகள்களைப் போர்த்தி நின்றது. உப்பு வந்தும் குழம்பு இளகியே இருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மகிழ்ந்த நிறுவனத்தார் ஆராய்ச்சிக்கென 1,50,000 ரூபாய் வழங்க முன்வந்தனர். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். பட்நாகர் தமக்கென ஒரு காசும் கொள்ளாமல் அதனைப் பல்கலைக்கழகத்திற்கே உரியதாக்கினார். அங்கே பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை தோன்றியது. இளைஞர் பலருக்கு ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது.

1942இல் தொடங்கிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தை அவரே தலைமையேற்று வளர்த்தார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையமும், சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அவர் காலத்தில் எழுந்தவையே. 1955 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1958 முதல் அவர் பெயரால் அறிவியல் பரிசுகள் வழங்கப்படலாயின.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் நம்மிடையே பலர். படித்து முடித்துப் பொருளீட்ட வேண்டிய கடமை நமக்குண்டு, அதில் தவறில்லை. எனினும் கற்ற கல்வி அடுத்து வருவோர்க்கும் கதவு திறக்க வேண்டும். சோதனைச் சாலையில் பிசின் கரைசலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அப்பெரியாரை நினைவோமாக!