அத்தியட்சர் ரெஜினால்டு ஹீபர்

சென்ற ஆண்டு, கோட்டைப் பகுதியிலிருந்தும் ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்திலிருந்தும் வந்து பயிலும் இளஞ்சிறார் சிலரை இடைக்கால ஆங்கில நாட்டுச் சரித்திரத்தில் வாய்மொழியாகச் சோதிக்கும் பணி எமக்கு வாய்த்தது. ஹேஸ்டிங்ஸ் போர் 1066 என்றனர். மகா சாசனம் 1215 என்றனர். சலாதீன் எருசலேமைக் கைக்கொண்டது 1187 என்றும், ரிச்சர்டு அரசன் ஆக்கர்க் கோட்டையைப் பற்றியது 1191 என்றும் தடையின்றி உரைத்தனர். ஆண்டுகளில் ஒன்றும் பிழைபடவில்லை. அச்சிலுவைப் போர்கள் நிகழ்ந்த புண்ணிய பூமியைப் பாடி ஆக்ஸ்போர்டில் பரிசில் பெற்ற புலவர் ஒருவர் நம் நகரத்துத் தேவாலயத்திலேயே துயில்கின்றாரே, அவர் யாவர் என வினவினோம். விடை வரவில்லை. ஹீபர் என்னும் பெயரைச் சொன்னபோது ஒரு சிறுவன் முகமலர்ந்து, அது கல்லூரி இருக்கும் ஊரின் பெயர் என்றான். அவன்மீது குற்றமில்லை, எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கி வரைகின்றோம்.

ரெஜினால்டு ஹீபர் 1783-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் செஷயர் மாகாணத்து மால்பஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குரு. தமையனார் ரிச்சர்டு ஹீபர், நூல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதையே வாழ்வாகக் கொண்டவர். நூற்குவியலின் நடுவே வளரும் பேறு இளையவருக்கு இயல்பாகவே கிட்டியது. பழைய வீரர் கதைகளிலும் குதிரை வீரர் நெறிகளிலும் அவருக்கு ஆராத காதல். 1800-இல் ஆக்ஸ்போர்டு பிரேஸ்னோஸ் கல்லூரியில் சேர்ந்து, படிப்பின் முதலாண்டிலேயே இலத்தீன் செய்யுளுக்குரிய பரிசிலைப் பெற்றார்.

1803-இல் ஆங்கிலச் செய்யுட்கு வைத்த பொருள் பாலஸ்தீனம். இருபது வயதினராகிய ஹீபர் அதனைப் பாடினார். அந்நாட்டை அவர் கண்டதில்லை, பிற்காலத்தும் காணவில்லை. வேதாகமத்தையும் யாத்திரிகர் நூல்களையும் துணைக்கொண்டே சாலொமோனின் ஆலயத்தையும் சிலுவை வீரரின் படையெடுப்பையும் புனைந்தார். 1799-இல் நெப்போலியன் ஆக்கர்க் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய அண்மைச் செய்தியையும் விடவில்லை. (அதே 1799-இல்தான் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். இதனைத் திருவரங்கத்தில் நிகழ்ந்ததாகத் தேர்வுத்தாளில் எழுதும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர், பிள்ளைகள் கவனிப்பாராக.) அக்காலத்தில் ஆக்ஸ்போர்டுக்கு வந்திருந்த வால்டர் ஸ்காட் காலைச் சிற்றுண்டியின்போது இச்செய்யுளைக் கேட்டு, ஆலயம் எழுந்தபோது கருவிகளின் ஓசை எழவில்லை என்னும் அரிய செய்தி விடுபட்டதே என்றாராம். ஹீபர் எழுந்து சென்று, சிறிது நேரத்திற்குள் அதற்குரிய அடிகளை எழுதிக் கொணர்ந்தார். செய்யுளில் பலரும் போற்றும் பகுதி அதுவே ஆயிற்று. ஷெல்டோனியன் மண்டபத்தில் அது அரங்கேறியபோது எழுந்த புகழ் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. சிலுவைப் போர்களைப் பற்றிய முழு நெடுங்கதையான டாலிஸ்மனை அதே ஸ்காட் 1825-இல் வெளியிட்டபோது, ஹீபர் இந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார்.

பின்னர் ருஷியாவிலும் கிரிமியாவிலும் யாத்திரை செய்து மீண்டு, 1807-இல் குருப்பட்டம் பெற்று ஹாட்னெட் என்னும் ஊரில் பணி ஏற்றார். 1809-இல் அமேலியா அம்மையாரை மணந்தார். அவர் இயற்றிய ஞானப்பாட்டுக்கள் சில இன்றும் உலகெங்கும் பாடப்படுகின்றன. 1819-இல் அவர் எழுதிய மிஷனரிப் பாட்டொன்றில் கீழ்நாட்டாரைத் தாழ்த்தும் குறிப்பு உண்டென்பதை யாம் மறைப்பதற்கில்லை. அன்று அவர் இந்நாட்டைக் கண்டதில்லை. கண்ட பின் எழுதிய நாட்குறிப்பு வேறு வகையினது.

1822-இல் கல்கத்தாவின் முதல் அத்தியட்சர் மிடில்டன் மறைந்தார். அப்பதவி ஹீபரை நாடி வந்தது. மனைவியும் பச்சிளங்குழந்தையும் உடைய அவர் முதலில் மறுத்து, பின்னர் மனம் அமையாது ஏற்றார். 1823 அக்டோபரில் கல்கத்தா சேர்ந்தார். இந்தியா முழுவதும், இலங்கையும், ஆஸ்திரேலியாவுங்கூட ஒரே மனிதரின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தன! 1824-இல், ஷுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற தமிழரான கிறிஸ்தியான் தாவீதுக்குக் குருப்பட்டம் அளித்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் கங்கையில் படகேறி, காசி, தில்லி, இராஜபுதனம், குஜராத்து வழியாகப் பம்பாய் சேர்ந்தார். காசியில் ஜெயநாராயண கோஷால் நிறுவிய பள்ளியில் மாணாக்கர் சோதிக்கப்படுவதை அமர்ந்து கேட்டார். அச்சிறுவரின் விடைகள் அவரை மகிழ்வித்தன. வழியெங்கும் உழவரின் நிலையையும் உசாவினார். கும்பனியார் விதிக்கும் நிலவரி தாங்கொணாதது என்றும், ஆங்கிலேயர் பலர் இந்நாட்டாரிடம் செருக்கோடு நடக்கின்றனர் என்றும் தம் நாட்டார்க்கு எழுதினார். கும்பனியாரின் ஆட்சியில் உயர்பதவி வகித்த ஒருவர் இங்ஙனம் எழுதியது அவருடைய நேர்மைக்குச் சான்று.

1826 பிப்ரவரி இறுதியில் சென்னைக்கு வந்து, மார்ச்சு 25-ஆம் நாள் தஞ்சை அடைந்தார். மறுநாள் உயிர்த்தெழுந்த திருநாள். ஷுவார்ட்ஸ் ஐயரின் ஆலயத்தில் பிரசங்கித்து, மாலை ஆராதனையில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். அடுத்த சில நாட்களில் சரபோஜி மன்னரைச் சந்தித்தார். மன்னரோ ஷுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர். லின்னேயஸ், லவாய்சியர், பஃபன் முதலிய அறிஞரின் நூல்களைப் பற்றி அவர் தங்குதடையின்றி உரையாடினார். ஷேக்ஸ்பியரின் செய்யுள் நயத்தையும் ஆய்ந்து பேசினார். ஆக்ஸ்போர்டில் பரிசில் மேல் பரிசில் பெற்றவருக்கு முன் நடந்த இச்சோதனையில் தஞ்சை மன்னர் சிறப்புற விளங்கினார் என்றே சொல்லலாம். ஹீபர் இதனை வியந்து தம் கடிதத்தில் எழுதினார். இளவரசர் சிவாஜியைத் தம்முடன் அழைத்துச் சென்று கற்பிக்கவும் முன்வந்தார். தந்தை இசைந்தார், தாயார் மகனைப் பிரிய உடன்படவில்லை.

தஞ்சையில் மற்றொரு வழக்கும் அவர்முன் வந்தது. ஆலயத்திலும் பள்ளியிலும் சாதி வேற்றுமை கூடாதென்று புதிய மிஷனரிமார் விதித்ததை எதிர்த்து, வேளாளக் கிறிஸ்தவர் முறையிட்டனர். ஹீபர் மென்மையான போக்கையே மேற்கொண்டு, விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார்; முடிவு காணுமுன் அவர் வாழ்நாள் முடிந்தது. அவருக்குப் பின் வந்த அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் சாதியை அறவே நீக்குமாறு கட்டளையிட்டார். பெருந்தன்மை மிக்க ஹீபர் இவ்வொன்றில் பொறுமையைத் தவறான பக்கத்திற்கு அளித்தார் என்பது எமது கருத்து. பின்வாங்கி அமர்ந்தவர் எளியவர், முறையிட்டவரோ அவர்களல்லர்.

ஏப்பிரல் 1-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி சேர்ந்து, பாளையத்தில் நீதிபதி ஒருவரின் இல்லத்தில் தங்கினார். 2-ஆம் நாள் ஞாயிறு, பரிசுத்த யோவான் ஆலயத்தில் பிரசங்கம், மாலையில் திடப்படுத்தல். 3-ஆம் நாள் விடியற்காலத்தே கோட்டைக்குச் சென்றார். அங்கே மலைக்கோட்டையின் அடிவாரத்தில், ஷுவார்ட்ஸ் ஐயர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையார் காத்திருந்தனர். அவர்களுள் சிலரைத் திடப்படுத்தி, மீண்டும் தமிழில் ஆசி மொழிந்தார். மிஷன் வீட்டையும் பள்ளியையும் பார்வையிட்டார். போஷகர் இன்றி வாடிய ஏழைச் சபை அது. வாயிற்படியில் நின்று, ஏறும் வெயிலில், அவர்களுக்கு அறிவுரையும் ஆறுதலும் கூறி, அவர்கள் குறைகளைக் கேட்டார். கல்வி மண்டபத்தில் ஆயிரம் அறிஞர் கேட்கப் பாடியவரின் கடைசிச் சொற்கள் சித்திரைக்கு முன்னைக் கோடையில் ஒரு பள்ளி முற்றத்தில் கூடிய எளியவர்க்கே உரியவாயின.

வெப்பமும் களைப்பும் மிக, இல்லம் திரும்பினார். அவ்வீட்டு வளாகத்தில் குளிர்ந்த நீர் நிரம்பிய குளிக்குந் தொட்டி ஒன்று ஆழமாகக் கட்டப்பட்டிருந்தது. முன்னிரு நாட்களிலும் அதில் நீராடி இன்புற்றிருந்தார். அன்றும் இறங்கினார். நெடுநேரமாகியும் ஓசை கேளாமையால் ஐயுற்ற வேலைக்காரன் உட்சென்று பார்த்தபோது, நீரினடியில் உயிரற்ற உடல் கிடந்தது. வெயிலில் காய்ந்த உடல் திடீரென்று குளிர்நீரில் அமிழ்ந்ததால் உண்டான தாக்குதலே காரணம் என வைத்தியர் கருதினர். நாற்பத்துமூன்று நிறைவதற்குப் பதினெட்டு நாட்கள் குறைவாயிருந்தன. மறுநாள் யோவான் ஆலயத்தில் பலிபீடத்தின் வடபுறம் அடக்கம் செய்தனர். முந்தின ஞாயிறன்று அவர் நின்று பேசிய ஆலயமே அது.

கல்கத்தாவில் இரு பெண்மக்களோடு காத்திருந்த அமேலியா அம்மையார், கணவரின் வடநாட்டு யாத்திரைக் குறிப்பை 1828-இல் நூலாக வெளியிட்டார். 1966 முதல் இயங்கிவரும் நம் நகரத்துக் கல்லூரியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

யாம் சோதித்த சிறாரைப் பின்னொரு சனிக்கிழமை அவ்வாலயத்திற்கு அழைத்துச் சென்றோம். ஊரின் பெயர் என்று சொன்ன சிறுவன் கல்லறையருகே நெடுநேரம் நின்றான். பிறகு எம்மைப் பார்த்து, அவர் தமிழில் சொன்ன ஆசீர்வாதத்தை அன்று கோட்டையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்களா என்று கேட்டான். எம் வினாத்தாளில் அத்தகைய கேள்வி ஒன்றும் இருக்கவில்லை.