சமாதானத்துக்கு ஏழு ஓட்டு குறைந்தது

எங்க குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நூலகத்தில் உட்ரோ வில்சன் வாழ்க்கையைப் படித்தபோது, பத்து வயது வரை அவருக்குச் சரியாக வாசிக்க வராது என்ற செய்தி என்னைப் பிடித்து உட்கார வைத்தது. முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழித்தவன் அல்லவா நான்!

1856-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் வில்சன். விடாமுயற்சியால் பேராசிரியராகி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, 1913-ல் நாட்டின் ஜனாதிபதியும் ஆனார்.

மறு ஆண்டே ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. அமெரிக்கா யார் பக்கமும் சேராது என்று அறிவித்தார். 1915-ல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்ததில் 128 அமெரிக்கர்கள் மாண்டார்கள். அப்போதும் பொறுத்தார். 1917-ல் ஜெர்மனி கண்ட கப்பலையெல்லாம் தாக்கத் தொடங்கவே, ஏப்ரல் 6-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. சுமார் 20 லட்சம் வீரர்கள் கடல் கடந்து போனார்கள். சண்டையிலும் நோயிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள்.

போர் முடியும் முன்பே, 1918 ஜனவரியில், 14 அம்சத் திட்டத்தை வெளியிட்டார். நாடுகள் ஒன்றுக்கொன்று பாதுகாப்பாக இருக்க ஒரு சங்கம் வேண்டும் என்பது அதன் கடைசி அம்சம். அந்த ஆண்டு நவம்பர் 11-ல் பீரங்கிகள் ஓய்ந்தன. பாரிஸ் மாநாட்டுக்குத் தாமே போனார். 1919 ஜூனில் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் சர்வதேச சங்கமும் இடம் பெற்றது.

வெளியே ஜெயித்தவர் வீட்டுக்குள் தோற்றார். செனட் சபையில் எதிர்க்கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆனாலும் ஒரு செனட்டரைக்கூட அவர் பாரிசுக்கு அழைத்துப் போகவில்லை. சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்ளப் பலர் தயாராக இருந்தார்கள். வில்சன் மறுத்தார். மக்களிடம் நியாயம் கேட்க ரயிலேறி ஊர் ஊராகப் போனார். உடம்பு தாங்கவில்லை. அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. நோயிலும் விட்டுக்கொடுக்கவில்லை. 1920 மார்ச் ஓட்டெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு ஓட்டு குறைவு! அவர் கனவு கண்ட சங்கத்தில் அவருடைய நாடே கடைசிவரை சேரவில்லை.

1919-க்கான நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1924-ல் காலமானார். 1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்தேவிட்டது. அமெரிக்கா அன்று சேர்ந்திருந்தால் போர் நின்றிருக்குமா? யாரால் சொல்ல முடியும்? ஆனால் 1945-ல் ஐ.நா. சபை பிறந்தபோது அமெரிக்கா முதலிலேயே சேர்ந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கம் இவர் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் பரவியது. உலக நியாயம் பேசியவர் இதை அனுமதித்தது என் மனதை வலிக்க வைத்தது.

நண்பர்களே! போன வருஷம் கண்காட்சிக்கு நாங்கள் மாடல் செய்தபோது, என் டிராயிங்கில் ஒரு கோடுகூட மாற்ற நான் விடவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மாடல் பாதியில் கிடந்தது. டிராயிங் சரிதான், யாருக்கு என்ன லாபம்? ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டால்தானே சுழலும்!

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவர்களிடம்தான் படிக்கக் கொடுத்தேன்.